‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்பது சரியான தமிழா?

‘காமன் கேமிங் ஹவுஸ்’ என்ற சட்டச் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்று வரும். படிப்பவர் என்ன நினைப்பார்? பலரும் வந்துபோகும் இடம், தங்குவதற்கு அறைகள் உள்ள இடம் என்றுதான் நினைப்பார். இரண்டுமே தவறு. ‘விடுதி’ வெறும் சொற்பிழை. ‘பொது’ அப்படியல்ல, சட்டம் எதைக் குற்றம் என்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது.

சொல்லின் ஊற்று இங்கிலாந்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1541இல் ஒரு சட்டம் வந்தது. மக்கள் பகடையிலும் பந்துருட்டலிலும் பொழுதைப் போக்கி, போருக்கு வேண்டிய வில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பது அரசின் கவலை. அந்தச் சட்டம் வருவாய்க்காகவும் பிழைப்புக்காகவும் ஆட்டக்களம் நடத்துவோரைக் குறிவைத்தது. அங்கே ‘காமன்’ என்பது, ஒருவர் தன் ஆதாயத்துக்காக வருவோர்க்கெல்லாம் நடத்தும் இடம் என்ற பொருளில் நின்றது.

இந்தப் பொருள் கடல் கடந்து 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டத்துக்குள்ளும், சென்னை மாகாணத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்துக்குள்ளும் வந்தது. இரண்டாவது சட்டம்தான் இன்று தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. அதன் விளக்கத்தில் வீடு, அறை, கூடாரம், வண்டி, கப்பல் எல்லாம் இடமாகலாம். ஆனால் அங்கே சீட்டோ பகடையோ வைத்திருப்பது, அந்த இடத்தையோ கருவியையோ வைத்திருப்பவரின் இலாபத்துக்காக இருக்க வேண்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆறு பேர் மட்டும் ஆடினாலும், வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்தால் அது ‘காமன்’. யாரும் எதுவும் எடுக்காமல் உறவினர்கள் தீபாவளி இரவில் ஆடினால் அந்த வீடு இந்த விளக்கத்துக்குள் வராது. தெருவில் ஆடுவதைத் தடுக்க அதே சட்டத்தில் வேறு பிரிவு இருக்கிறது.

இலாபம் எது என்பதில்தான் வழக்குகள் எழுந்தன. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம் என்றது. சீட்டுக்கும் இருக்கைக்கும் கிளப் வாங்கும் கட்டணம் மட்டுமே இலாபம் ஆகாது என்றது. ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் ஆதாயம் அடைகிறது என்று காட்டினால் குற்றம் நிலைக்கும் என்றும் சொன்னது. போக்கர் என்னும் பந்தயச் சீட்டாட்டத்துக்கு இப்படி ஒரே குரலில் விடை கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதுக்கு வெளியே வைக்கிறது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைச் சூதுதான் என்றது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைப் பார்த்தால் அதே கரு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ஆடுவது குற்றமாகாமல் இருக்க, இடம் தனிப்பட்டதாக இருக்க வேண்டும். ஆடுவோர் வென்ற பணத்தைத் தவிர வேறு யாருக்கும் பொருளாதார நன்மை இருக்கக் கூடாது. திறமையும் அதிர்ஷ்டமும் தவிர மற்ற வகையில் எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். அங்குள்ள போக்கர் கிளப்புகள் பந்தயப் பணத்தில் கைவைக்காமல், உறுப்பினர் கட்டணமும் மணிக்கணக்கில் இருக்கைக் கட்டணமும் வாங்குவது இதனால்தான். அந்தக் கட்டணமும் நன்மைதானே என்பதே அங்கு நடக்கும் சண்டை.

இனி தமிழுக்கு வருவோம். நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருந்தது: கழகம்! ‘கவறும் கழகமும் கையும்’ என்று சூது அதிகாரத்தில் (குறள் 935) வருகிறது. கவறு பகடை, கழகம் ஆடும் களம், கை ஆடுபவரின் கைத்திறன். கருவி, இடம், திறமை ஆகிய இம்மூன்றையும்தான் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே எடுத்து நிறுத்துகிறது. இந்தப் பொருத்தத்தை முதலில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ‘கழகத்துக் காலை புகின்’ என்று 937ஆம் குறளிலும் அந்த இடமே பேசப்படுகிறது.

ஆனால் கம்பர் ‘கலை தெரி கழகம்’ என்று பயிலும் இடத்தைச் சொன்னார். பிறகு பல்கலைக்கழகமும் திராவிடர் கழகமும் போக்குவரத்துக் கழகமும் வந்தன. சூதின் பொருள் அச்சொல்லிலிருந்து முழுவதுமாகக் கழுவப்பட்டுவிட்டது. அதை மீட்க முயல்வது வீண், குழப்பம்தான் மிஞ்சும்.

‘மனமகிழ் மன்றம்’ உதவாது. அது பொழுதுபோக்குக் கிளப்புக்கான பெயர். அங்கே சீட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘சூதாட்ட விடுதி’யைத் தங்கும் வசதியுள்ள பெரிய காசினோக்களுக்கு விட்டுவிடலாம்.

கழகத்துக்கு உரையாசிரியர்கள் பொருள் சொல்லும்போது எடுத்தாண்ட ‘களம்’ நமக்குப் போதும். ஏர்க்களம், போர்க்களம் போல அது செயல் நடக்கும் இடத்தைக் குறிக்கிறது. கூடாரத்துக்கும் கப்பலுக்கும் பொருந்தும். முன்னால் ‘பொது’வுக்குப் பதில் ‘ஆதாயம்’ வர வேண்டும், ஏனென்றால் குற்றத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘ஆதாயச் சூதுக்களம்’. ஆதாயம் இல்லாமல் நண்பர்கள் ஆடுவதற்கு ‘வீட்டுச் சீட்டாட்டம்’ என்ற எளிய சொல்லே போதும்.

செய்தியில் எழுதிப் பாருங்கள்: ‘வாடகை வீட்டில் ஆதாயச் சூதுக்களம் நடத்தியவர் கைது.’ யார், எதற்காகப் பிடிபட்டார் என்பது ஒரே வரியில் விளங்கிவிடுகிறது.