ரஷ்ய உணவு: சாப்பிடும் முன் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் புறப்படும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் பலர் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "அங்கே சைவம் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். காய்கறியும் தானியமும் பாலும் ரஷ்யச் சமையலில் தாராளமாக உண்டு. ஆனால் ஓர் உணவின் தோற்றத்தை மட்டும் பார்த்து அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அங்கே முடிவு செய்துவிட முடியாது. சைவ உணவுக்காரர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சில சொற்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் அவசியத்தை எனக்கு உணர்த்தியவர் சீலியாக் நோயுள்ள ஒரு மாணவர். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் அவர் குடலுக்கு ஆகாது. ஆகவே 'ப்ஷெனோ' வாங்கிக் கஞ்சி வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன். ப்ஷெனோ என்பது உமி நீக்கிய பனிவரகு. நம் ஊர்ச் சிறுதானியமேதான். ஒரு மாதத்துக்குள் வயிற்றுப்போக்கு திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. தினமும் சாப்பிடும் தானியப் பொட்டலத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் 'ப்ஷெனீச்னயா' என்று அச்சிட்டிருந்தது. அது 'ப்ஷெனீத்சா', அதாவது கோதுமை, என்ற சொல்லிலிருந்து வருவது. உள்ளே இருந்தது உடைத்த கோதுமை. நான் சொன்ன பனிவரகுக் கஞ்சியின் பெயர் 'ப்ஷோன்னயா'. எழுத்தில் இரண்டுக்கும் மிகச் சிறிய வேறுபாடுதான். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எழுதித்தான் கொடுக்கிறேன்; கூடவே மணியின் அடையாளத்தையும் சொல்கிறேன். பனிவரகு முழு மஞ்சளாக, உருண்டையாக, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உடைத்த கோதுமையோ முனைகளோடு கோணல்மாணலாக இருக்கும்.

தானியத்தை நீரிலோ பாலிலோ வேகவைத்தால் அது எல்லாமே 'காஷா'தான். எனவே காஷா என்று மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது. 'மான்னயா காஷா' நம் ரவைக் கஞ்சி; அதுவும் கோதுமை. 'பெர்லோவ்கா', 'யாச்னெவயா' இரண்டும் பார்லி. 'கிரேச்கா' எனப்படும் பக்வீட், பெயரில் வீட் இருந்தாலும் கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. வட இந்தியாவில் விரத நாட்களில் உண்ணும் குட்டு மாவு இதிலிருந்துதான் வருகிறது. வறுத்த கிரேச்காவை ஒன்றுக்கு இரண்டு பங்கு நீரில் மூடி வேகவைத்தால் உதிரியாக வரும். சீலியாக் உள்ளவர்களும் உண்ணலாம் என்றாலும், கோதுமையோடு சேர்த்து அரவையோ பொட்டலமோ செய்யப்படாததா என்று பார்த்தே வாங்க வேண்டும். சிலருக்குக் கிரேச்காவே கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும். முதன்முறை சிறிதளவு சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சைவர்கள் மிகுதியாக ஏமாறும் இடம் சூப். 'போர்ஷ்' பீட்ரூட் சூப் என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். (இது உக்ரைனுக்கு உயிரான உணவு, உக்ரைனியப் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை, அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2022இல் சேர்த்தது.) முட்டைக்கோஸ் சூப்பான 'ஷீ'யும் அப்படியே. மேலே மிதப்பது காய்கறி. அடித்தளமோ பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த 'புல்யோன்'. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுப் பரிமாறினால் அது சைவமாகிவிடாது. 'கரோஹவி' என்னும் பட்டாணி சூப்பில் புகையூட்டிய பன்றி விலா சேர்ப்பது வழக்கம். ஊறிய வெள்ளரிக்காய் சேரும் 'ரசோல்னிக்'கில் பார்லியும் இருக்கும்.

அடுத்தது சாலட். 1860களில் மாஸ்கோவின் எர்மிதாஷ் உணவகத்தில் லூசியான் ஒலிவியே என்ற சமையற்கலைஞர் உருவாக்கிய சாலட், இன்று புத்தாண்டு இரவில் வீடுதோறும் செய்யப்படுகிறது. உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, மயோனைஸ் என்று பார்வைக்கு முழுக்கக் காய்கறிதான். அதில் உருளைக்கிழங்கின் அளவிலேயே நறுக்கிப் போடும் இளஞ்சிவப்புத் துண்டுகள் பெரும்பாலும் 'தோக்தர்ஸ்கயா' என்னும் தொத்திறைச்சி. 1936 முதல் செய்யப்பட்டுவரும் அதில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இரண்டும் உண்டு. ஒலிவியேவுக்கு மாற்றாகச் சைவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது 'வினிக்ரெத்': பீட்ரூட், உருளைக்கிழங்கு, கேரட், ஊறிய வெள்ளரி, புளித்த முட்டைக்கோஸ் ஆகியவற்றைச் சூரியகாந்தி எண்ணெயில் பிசிறியது. சதகுப்பைக் கீரையான 'உக்ரோப்' எதன் மீதும் தூவப்படும். அதன் மணம் பழகச் சில நாட்களாகும். ஊறிய காய்களில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இறைச்சி இல்லாமல்" என்பதற்கு 'பெஸ் மியாச' என்று சொல்வார்கள். அப்படிக் கேட்டால் எலும்புச் சாறையும் மீனையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அதைவிடப் பயனுள்ள சொல் 'போஸ்த்னயே'. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களின் நோன்புக்குரிய, இறைச்சியும் முட்டையும் பாலும் சேராத உணவை இது குறிக்கும். ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வார நோன்பில் பல கான்டீன்களில் இதற்கென்று தனிப் பட்டியலே தொங்கும். சில நோன்பு நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு. ஆகவே 'ரீபா', அதாவது மீன், சேர்ந்திருக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும்.

புரதத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது 'த்வோரக்'. பாலைப் புளிக்கவைத்து நீர் வடித்த, நம் பன்னீரைவிட மென்மையான, இளம்புளிப்புள்ள பொருள் அது. கொழுப்பு 9 சதவீதம் என்று அச்சிட்டதே வழக்கமான வகை. அதையே தட்டையாகப் பொரித்தால் 'சீர்னிகி'. அதில் முட்டையும் மாவும் சேரும். 'கெஃபிர்' மோரைப் போன்றது. பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இது ஒத்துக்கொள்கிறது. ரை ரொட்டியிலிருந்து புளிக்கவைக்கும் 'க்வாஸ்' குளிர்பானமாக விற்கப்பட்டாலும் அதில் 1.2 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம், குளூட்டனும் உண்டு. மதுவை முற்றிலும் தவிர்ப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடைப் பொட்டலத்தில் 'சஸ்தாவ்' என்ற சொல்லைத் தொடர்ந்து வருவதே சேர்பொருள் பட்டியல். எடை மிகுந்த பொருள் முதலில் இருக்கும். 'கவ்யாதினா' மாட்டிறைச்சி, 'ஸ்வினீனா' பன்றியிறைச்சி, 'சாலோ' பன்றிக் கொழுப்பு, 'ஃபார்ஷ்' கொத்திறைச்சி, 'யைத்சோ' முட்டை, 'ஷெலத்தீன்' விலங்கின் எலும்பிலோ தோலிலோ இருந்து எடுப்பது. இந்தச் சொற்களை ரஷ்ய எழுத்தில் அச்சிட்டு, பணப்பையில் வைக்கும் அளவுள்ள சீட்டாகக் கொடுக்கிறேன். சீலியாக் மாணவரின் சீட்டில் ப்ஷெனோவும் ப்ஷெனீத்சாவும் அருகருகே, முன்னது பச்சையிலும் பின்னது சிவப்பிலும் இருக்கின்றன.