தெருவோரப் பாலியல் தொழில்: போலீஸ் அதிகாரம் எதுவரை, தெருக்காரர்கள் செய்யக்கூடியது எது

வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் பணத்துக்குப் பாலுறவு கொள்வதை இந்தியச் சட்டம் தனிக் குற்றமாக எங்கும் சொல்லவில்லை. அதைச் சுற்றி நடக்கும் செயல்களைத்தான் தண்டிக்கிறது: விபச்சார விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, இன்னொருவரின் இந்தச் சம்பாத்தியத்தில் பிழைப்பது, பொது இடத்தில் ஆள் கூப்பிடுவது. "விபச்சார கேஸ்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால், யாரைப் பிடிக்க வேண்டுமோ அவர் தப்பிவிடுகிறார். தெருவில் நிற்பவர் மட்டும் மாட்டுகிறார்.

இதற்கான சட்டம் 1956-இல் வந்தது. 1978-இலும் 1986-இலும் திருத்தப்பட்டது. 1986 திருத்தத்தில்தான் இன்றைய பெயர் கிடைத்தது: ஒழுக்கக்கேடான தொழில் (தடுப்பு) சட்டம். பத்திரிகைகள் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று எழுதுவதும் இதைத்தான்.

பிரிவுகளும் தண்டனைகளும்

விடுதி நடத்துபவருக்கு (பிரிவு 3) முதல் முறை 1 முதல் 3 ஆண்டு வரை கடுங்காவல். ஒருவரை இத்தொழிலில் இறக்கிவிடுபவருக்கு (பிரிவு 5) 3 முதல் 7 ஆண்டு. விருப்பத்துக்கு மாறாக என்றால் 14 ஆண்டு வரை போகலாம். பிறர் சம்பாத்தியத்தில் வாழும் 18 வயது கடந்தவருக்கு (பிரிவு 4) 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த நான்காம் பிரிவு தரகர்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் அதன் வாசகம் அகலமானது. அம்மாவின் வருமானத்தில் கல்லூரிக்குப் போகும் 19 வயது மகனையும், மகள் கொடுக்கும் பணத்தில் மருந்து வாங்கும் தாயையும் அதற்குள் இழுக்க முடியும். விசாரணை அதிகாரி மிரட்டலுக்குக் கையில் எடுக்கும் பிரிவுகளில் இதுவும் ஒன்று. வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நபர் தொழிலைக் கட்டுப்படுத்தினாரா, வெறுமனே குடும்ப உறுப்பினரா என்பதே.

விடுதி என்பதற்கான விளக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வேறொருவரின் லாபத்துக்காக நடக்கும் இடம் மட்டும் விடுதி அல்ல; தொழில் செய்யும் இரண்டு பேர் தங்கள் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்படுத்தும் அறையும் விடுதிதான். பாதுகாப்புக்காக இரு பெண்கள் சேர்ந்து அறை எடுத்தால் மூன்றாம் பிரிவு வருகிறது. தனியாகத் தெருவில் நின்றால் எட்டாம் பிரிவு வருகிறது. பலர் தெருவுக்கு வருவதற்குச் சட்டமே ஒரு காரணம் என்பதை இந்த விஷயத்தில் பணியாற்றும் எவரும் மறுக்க மாட்டார்கள்.

தெருவுக்கு உரியது பிரிவு 8

பொது இடத்தில், அல்லது பொது இடத்திலிருந்து பார்க்கும்படி, கேட்கும்படி, பேச்சாலோ சைகையாலோ உடலைக் காட்டியோ ஒருவரைத் தொழிலுக்காகக் கவர முயல்வது குற்றம். தொழில் நோக்கத்தோடு ஆள் கூப்பிடுவதும், அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ இடைஞ்சல் தரும்படி சுற்றித் திரிவதும் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறையிலிருந்து ஓராண்டு வரை சிறை, கூடவே 500 ரூபாய் வரை அபராதம். இதே குற்றத்தைச் செய்தவர் ஆண் என்றால் 7 நாள் முதல் 3 மாதம் வரை சிறை.

கவனிக்க வேண்டிய சொல் "நோக்கம்". பேருந்து நிறுத்தத்தில் இரவில் நிற்பது, முன்பு ஒரு வழக்கு இருப்பது, திருநங்கையாக இருப்பது, இவை எதுவும் குற்றத்தின் கூறு அல்ல. என்ன சொன்னார், யாரிடம் சொன்னார், யார் பார்த்தார்கள் என்று எஃப்.ஐ.ஆரில் இருக்க வேண்டும். பத்துப் பேர் மீது ஒரே வாசகத்தில் எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆர் என்றால், வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டியே வாதாடலாம்.

பிரிவு 7-ஐத் தெருவுக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், ஹோட்டல், மருத்துவமனை, அறிவிக்கை செய்யப்பட்ட பொது இடம் ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள கட்டடம் அல்லது வளாகத்தில் தொழில் நடப்பதைப் பற்றியது. தண்டனை 3 மாதம் வரை. அங்கே வந்த வாடிக்கையாளருக்கும் அதே தண்டனை உண்டு. கோயிலுக்கு அருகே சாலையில் நின்றார் என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவு வராது.

யார் கைது செய்யலாம்

இந்தச் சட்டத்தின் குற்றங்களில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய எல்லாக் காவலருக்கும் அதிகாரம் இல்லை. பிரிவு 13-இன் கீழ் மாநில அரசு நியமிக்கும் சிறப்புக் காவல் அதிகாரியே செய்யலாம். அல்லது அவருடைய வழிகாட்டுதலிலோ முன் ஒப்புதலோடோ மற்றவர் செய்ய வேண்டும். அவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தான் இல்லாத இடத்தில் கீழ் அதிகாரியைக் கைது செய்யச் சொன்னால், யாரை, எந்தக் குற்றத்துக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவரால் சிறப்பாக அதிகாரமளிக்கப்பட்ட எஸ்.ஐ. அவசர நிலையில் முதலில் கைது செய்துவிட்டு உடனே அறிக்கை தரலாம். ரோந்து ஏட்டு தானே முடிவெடுத்து ஜீப்பில் ஏற்றுவதற்கு இதில் இடமில்லை. புலன்விசாரணையும் சிறப்பு அதிகாரியின் வேலை என்று 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்து நேரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 43-படி, விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்தபின் உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அவசியம் என்றால் பெண் அதிகாரி எழுத்து அறிக்கை கொடுத்து நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) முன் அனுமதி பெற வேண்டும். தெருவோரப் பிடிப்புகள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கின்றன என்பதால் இந்த விதி முக்கியமானது. ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்: 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இதை மீறினாலே கைது செல்லாததாகிவிடாது, அதிகாரி தக்க விளக்கம் தர வேண்டும் என்ற அளவில் தீர்ப்பளித்தது.

கைதுக் குறிப்பு எழுத வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பவை எல்லாக் கைதுக்கும் பொது. பிரிவு 8 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் கேட்பது உரிமை. காவல் நிலையத்திலேயே கேட்கலாம். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் ஆனால், அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும்.

"ஃபைன் கட்டிவிட்டுப் போ"

மிகப் பெரிய சேதம் நடப்பது இங்கேதான். முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐநூறு ரூபாயோடு முடியும் என்று சொல்வார்கள். முடிவதில்லை. அது ஒரு தண்டனைத் தீர்ப்பு. அடுத்த முறை பிடிபட்டால் அவர் இரண்டாம் முறைக் குற்றவாளி. மேலும், பிரிவு 7 அல்லது 8-இல் தண்டிக்கப்படும் பெண்ணைச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்த இல்லத்தில் 2 முதல் 5 ஆண்டு வரை வைக்கப் பிரிவு 10-ஏ இடம் தருகிறது. முதல் முறை ஆறு மாதத்துக்கு மேல் சிறை தர முடியாத குற்றத்துக்கு ஐந்து ஆண்டு அடைப்பு என்பது நியாயமே இல்லை. ஆனாலும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே வழக்கறிஞரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. பெண்கள் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

சென்னையில் சிலர் மீது இந்தச் சட்டத்தின் கீழ் இல்லாமல், பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று மாநகரக் காவல் சட்டத்தின் "75 கேஸ்" போடப்படுவதும் உண்டு. அங்கும் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும்.

2022 உத்தரவு உண்மையில் என்ன சொன்னது

"பாலியல் தொழில் சட்டப்பூர்வமாகிவிட்டது, போலீஸ் தொடவே முடியாது" என்று பரவிய செய்தி சரியல்ல. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தான் அமைத்த குழுவின் பத்துப் பரிந்துரைகளைப் பரிசீலித்தது. ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்ட ஆறை மட்டும், சட்டம் வரும்வரை கண்டிப்பாகப் பின்பற்ற உத்தரவிட்டது. வயது வந்து சம்மதத்தோடு செய்பவரிடம் போலீஸ் தலையிடக் கூடாது என்பதும், விடுதிச் சோதனையில் தொழிலாளிகளைக் கைது செய்யக் கூடாது என்பதும், அரசு தயக்கம் தெரிவித்த மற்ற நான்கில் உள்ளவை. அவற்றைக் கட்டாய உத்தரவாகக் காட்டி வாதாடினால் தோற்க நேரும்.

கட்டாயமான ஆறும் சாதாரணமானவை அல்ல. வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு, பாதிக்கப்பட்ட வேறெவருக்கும் கிடைக்கும் உடனடி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும். போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும். வாயாலோ கையாலோ வதைக்கக் கூடாது. சோதனையின்போது ஊடகங்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. ஆணுறை வைத்திருப்பது குற்றமுமல்ல, குற்றத்துக்குச் சாட்சியமுமல்ல. உரிமைகள் குறித்து சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் பயிலரங்கு நடத்த வேண்டும். இவற்றில் ஆணுறை பற்றியது எச்.ஐ.வி. தடுப்புக்கு உயிர்நாடி. அதைப் பறிமுதல் பட்டியலில் எழுதியிருந்தால் வழக்கறிஞர் உடனே நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

சோதனையும் பாதுகாப்பு இல்லமும்

கட்டடத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனையிட, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் பெண். குறைந்தது இரண்டு பெண் போலீசார் உடன் இருக்க வேண்டும். பெண்களைப் பெண் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். மீட்கப்பட்டவரை உடனே நடுவர் முன் கொண்டுபோக வேண்டும். விசாரணை முடியும்வரை 3 வாரத்துக்கு மேல் காவலில் வைக்கக் கூடாது. அதன்பின் நடுவர் 1 முதல் 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். அதை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வயது வந்த பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்க முடியாது என்று 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மூன்று பெண்களை விடுவித்தது. இத்தகைய மனுக்களில் அதை எடுத்துக் காட்டலாம்.

தெருவில் குடியிருப்பவர்களுக்கு

இரவில் சத்தம், குடித்துவிட்டு வரும் வாடிக்கையாளர், வீட்டுப் பெண்களை வழிமறித்து விலை கேட்கும் ஆண்கள். இவை உண்மையான பிரச்சினைகள். பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புகாரில் "இங்கே விபச்சாரம் நடக்கிறது" என்று மட்டும் எழுதினால், நிற்கும் பெண்களை ஒரு இரவு அள்ளிக்கொண்டு போவதோடு வேலை முடியும். அவர்கள் அடுத்த தெருவுக்கு, இன்னும் இருட்டான இடத்துக்குப் போவார்கள். நடந்த செயலை எழுதுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்த வண்டி எண், யாரை வழிமறித்தார்கள், யார் பணம் வசூலிக்கிறார், எந்த லாட்ஜ். வழிமறித்து விலை கேட்ட ஆண் மீது பெண்ணை இழிவுபடுத்திய குற்றமும் பாலியல் தொல்லைக் குற்றமும் வரும். மனுவுக்கு சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான காவல் நிலைய ரசீது) வாங்குங்கள். தெருவிளக்குக்கு உள்ளாட்சியிடம் தனி மனு கொடுங்கள். போலீசிடம் கேட்டு அது வராது.

நீங்களே பிடித்து வைக்க முடியாது. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் கண் முன்னே நடந்தால்தான் பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கலாம். பிரிவு 8 அதில் சேராது. துரத்துவது, அடிப்பது, தலைமுடியைப் பிடிப்பது, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது எல்லாம் உங்கள் மேல் வழக்காகத் திரும்பும். திருநங்கைகளைப் பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுத்தால், திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின் பிரிவு 18-படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை.

சிறப்புக் காவல் அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல, உள்ளூர் சமூக நலப் பணியாளர்கள் ஐந்து பேர் வரை கொண்ட குழுவை அரசு அமைக்கலாம் என்று பிரிவு 13 சொல்கிறது. உங்கள் பகுதிக்கு அப்படி ஒன்று உண்டா என்று ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அமைக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

18 வயதுக்குக் கீழே என்று சந்தேகம் வந்தால்

மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சம்மதம் என்ற பேச்சே இல்லை. அந்தக் குழந்தை குற்றவாளி அல்ல. 1098 அல்லது 112-க்கு உடனே சொல்ல வேண்டும். தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். நீங்களே விசாரிக்க முயல வேண்டாம். தரகருக்குத் தெரிந்தால் அன்றே இடம் மாற்றிவிடுவார்கள்.

அடி வாங்கியவர் புகார் கொடுக்கும்போது

"உன் தொழிலில் இதெல்லாம் சகஜம்" என்று திருப்பி அனுப்புவது சட்டவிரோதம். பாலியல் வன்முறைப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம், எல்லை பார்க்கக் கூடாது, எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிறகு நடுவரிடம் மனு செய்யலாம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும், எஃப்.ஐ.ஆர் கேட்டுக் காத்திருக்க வைக்கக் கூடாது. அவசரத் தங்குமிடத்துக்கு 181-ஐ அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

அடையாள ஆவணம் இல்லாததால்தான் பலர் புகார் கொடுக்கவே தயங்குகிறார்கள். இருப்பிடச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் பெறலாம் என்பது அதே 2022 உத்தரவில் உறுதியானது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கெசட்டட் அதிகாரியோ மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநரோ குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்று போதும். தொழிலை அடையாளம் காட்டும் எந்தக் குறியீடும் பதிவெண்ணில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தைப் பகுதியில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புத் திட்ட அலுவலகம் வழியாகக் கொடுப்பது எளிது.