டீக்கு மேல பறக்காத வவ்வால்

வால்பாறைல ஏதாவது ஒரு எஸ்டேட் ரோட்டோரமா பொழுது சாயற நேரத்துல நின்னு மேல பாருங்க, டீச்செடிக்கு மேல சர்ருனு ரெண்டு மூணு வவ்வால் போகும், பரவால்ல இங்கயும் இருக்கேன்னு தோணும். ஆனா எது போகுது, எது அந்த ஓரத்து மரத்தோடயே நின்னுருதுங்கறதுதான் விஷயமே.

ஆனைமலைல இந்த மேட்டு நிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர், வெள்ளைக்காரன் காலத்துல காட்ட வெட்டி காப்பியும் டீயும் போட்டதுல மழைக்காடு இப்ப துண்டு துண்டாத்தான் நிக்குது. அந்தத் துண்டுக்குள்ள இருக்கற லாடமூக்கு வவ்வால எடுத்துக்கோங்க. றெக்கை குட்டை, நல்லா அகலம், கிளைக்கு நடுவுல மெதுவா வளைஞ்சு நெளிஞ்சு போறதுக்குன்னே இருக்கற றெக்கை, அத வச்சுக்கிட்டு வெட்டவெளில வேகமா ரொம்ப தூரம் போறது கஷ்டம்.

அதோட குரல் இன்னும் அழகு. நம்ம காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை, இது 80 பக்கத்துல, அதுவும் மூக்கு வழியா, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதற மாதிரி ஒரே சுருதிய இழுத்துக் குடுக்குது. இலைல பட்டுத் திரும்பற சத்தம் அப்படியே வரும், அந்துப்பூச்சி றெக்கை அடிச்சா மட்டும் சுருதி லேசா நடுங்கும், அவ்ளோ இலைக்கு நடுவுல அந்த நடுக்கத்த வச்சே பூச்சிய புடிச்சிருது! ஆனா இவ்ளோ கீச்சுக் குரல் காத்துல கொஞ்ச தூரத்துலயே கரைஞ்சிரும், காட்டுக்குள்ள எல்லாமே பக்கத்துல இருக்கறதால ஓகே, இடுப்பு உயர டீக்கு மேல எதுல பட்டு எதிரொலி வரும்? நீளமா ஒல்லியா றெக்கை இருக்கற, தாழ்ந்த சுருதில கூப்பிடற இனங்கதான் அங்க தைரியமா பறக்கும், நீங்க பாத்தது பெரும்பாலும் அதுங்களத்தான்.

அதனால காட்டுத் துண்டு எவ்ளோ பெருசுன்னு மட்டும் பாத்தா போதாது, நடுவுல என்ன இருக்குன்னு பாக்கணும். பனாமா கால்வாய்க்காக ஆத்த மறிச்சப்ப குன்றெல்லாம் தீவாச்சு, 1914ல உருவான பர்ரோ கொலராடோ தீவுல 70க்கு மேல வவ்வால் இனம் இருக்கு, சுத்தி இருக்கற குட்டித் தீவுகள்ல இலைமேல உக்காந்த பூச்சிய பொறுக்கித் தின்ற இனங்க காணாமப் போச்சு, ஏன்னா நடுவுல வெறும் தண்ணி. வால்பாறைல நடுவுல இருக்கறது தண்ணி இல்ல, அதுதான் எனக்கு நம்பிக்கை. நாட்டு மர நிழல்ல வளர்ற காப்பித் தோட்டத்துல காட்டு வவ்வால் நெறையவே புழங்குது, தனி டீலதான் ரொம்பக் கம்மி.

பழந்தின்னிங்க கதை வேற. குட்டைமூக்கு வவ்வால் அத்திப்பழத்த அந்த மரத்துலயே உக்காந்து திங்காது, கவ்விக்கிட்டு வேற மரத்துக்குப் போயி சாறு உறிஞ்சிட்டு சக்கைய துப்பிரும், உள்ள போன குட்டி விதை கொஞ்ச நேரத்துலயே எச்சத்தோட கீழ விழுந்துரும். டீக்குள்ள விழுந்தா களையெடுக்கறப்பவே போச்சு. ஓடைக்கரைல நாலு நாட்டு மரத்த விட்டு வச்சிருந்தா அதுக்கடியில முளைக்கும், லாடமூக்கும் அந்த வரிசைய புடிச்சுக்கிட்டே அடுத்த காட்டுத் துண்டுக்குப் போயிரும்.