சுவரிலும் ‘ஸ்ஸ்’, டிரம்மிலும் ‘ஸ்ஸ்’

தெருவோவியங்களின் தாக்கத்தில் உருவான ஜாஸ் ஆல்பம் ஒன்றைக் கேட்ட வாசகரின் சந்தேகம் இது: “இடையில் வரும் ‘ஸ்ஸ்’ ஸ்ப்ரே டப்பாவா, டிரம்மா என்று பிரிக்கவே முடியவில்லையே, ஏன்?”

இரண்டு கலைகளுக்கும் உறவு பழையது. நியூயார்க் சுவர்களில் எழுதத் தொடங்கிய ஓவியர் பாஸ்கியா, 1983-இலேயே ஜாஸ் மேதைகள் சார்லி பார்க்கரையும் டிஸ்ஸி கில்லெஸ்பியையும் ஓவியமாகத் தீட்டிவிட்டார். ஓசையிலும் இரண்டும் ஒரே குடும்பம்தான்.

டப்பாவுக்குள் பெயின்டோடு புரொப்பேன், பியூட்டேன் போன்றவை அழுத்தத்தால் திரவமாக இருக்கின்றன. கொஞ்சம் வெளியேறினால், திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். அதனால்தான் டப்பா தீரும்வரை பீய்ச்சும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. விடாமல் அழுத்தினால் மட்டும் டப்பா சில்லிட்டு அழுத்தம் தளரும்.

ஓசை பிறப்பது துளைக்கு வெளியே. புல்லாங்குழலில் காற்று ஒழுங்காக அதிர்வதால் சுரம் பிறக்கிறது. இங்கே சீறிவரும் தாரை, அசையாமல் நிற்கும் காற்றோடு மோதிச் சுழல்களாகச் சுருள்கிறது. பெரிய சுழல் உடைந்து சிறியவை, அவை உடைந்து இன்னும் சிறியவை. எது எந்தக் கணத்தில் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவை தாழ்ந்த அதிர்வெண்ணிலும் சிறியவை உயர்ந்த அதிர்வெண்ணிலும் காற்றை உலுக்க, எல்லாம் கலந்து சுரமே இல்லாத ‘ஸ்ஸ்’ கேட்கிறது. டப்பாவின் தலையில் அகலத் துளையுள்ள ‘ஃபேட் கேப்’ மூடியை மாட்டினால் சுழல்கள் பெருத்து ஓசை கனக்கும். குறுகிய துளையுள்ள ‘ஸ்கின்னி கேப்’ கீச்சென்று சீறும்.

இதில் என்னைச் சொக்கவைப்பது பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் வெளியிட்ட கணக்கு. காற்றுத்தாரையின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கைப் பொறுத்தது என்றார். வேகம் இரட்டித்தால் ஓசை 256 மடங்கு! ஜெட் விமானங்களின் இரைச்சலை அடக்கும் வழி இதிலிருந்துதான் துலங்கியது. ‘வெறும் சத்தத்தை ஆராய எதற்குப் பணம்?’ என்று கேட்கும் நிதிக்குழுக்களின் வாசலில் இதை எழுதி ஒட்ட வேண்டும்.

டிரம்மில் காற்றுச் சுழலுக்குப் பதில் கம்பிகள். ஜாஸ் கலைஞர் மெல்லிய கம்பிகள் விசிறியாக விரிந்த பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மைத் தேய்க்கிறார். டிரம்மின் மேல்தோலில் வெள்ளைப் பூச்சு சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொரு கம்பியும் அதில் சிக்கி, வளைந்து, விடுபட்டுத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு நுண்ணிய சொடுக்கு; தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல அவை ஒழுங்கின்றிக் குவியும்போது, காதுக்கு எட்டுவது அதே ‘ஸ்ஸ்’. பூச்சில்லாத வழுவழுப்பான தோலில் தேய்த்துப் பாருங்கள், ஓசை ஏறக்குறைய செத்துவிடும்.

பிரித்தறிய வழி உண்டு. டப்பாவின் ஓசை சட்டென்று தொடங்கிச் சட்டென்று அறுபடும். பிரஷ் வட்டமிடும்போது, கையின் வேகத்துக்கேற்ப ஓசை பொங்கித் தணியும். முன்னதாக ‘கடகட’ என்று டப்பாவுக்குள் இருக்கும் சிறு கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்: யாரோ பெயின்டைக் குலுக்குகிறார்கள்.