தரங்கம்பாடிப் பேராயர் திருச்சியில் இருப்பது ஏன்?

கிளிநொச்சியில் எங்கள் அயல் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து ஒரு கலியாண அழைப்பிதழ் வந்திருந்தது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்து இங்கே குடியேறிய குடும்பம் அது. மணமக்களை ஆசீர்வதிப்பவர் ‘தரங்கம்பாடிப் பேராயர்’ என்றும் அவருடைய இருப்பிடம் திருச்சிராப்பள்ளி என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். “மன்னார் ஆயர் மன்னாருலதான் இருக்கார், தரங்கம்பாடிப் பேராயர் மட்டும் ஏன் தம்பி திருச்சியில இருக்கார்?” என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, அந்தப் பேராயர் தலைமை தாங்கும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இயங்கும் முறையை அடியிலிருந்தே பார்க்க வேண்டும்.

மார்ட்டின் லூதரின் வழிவந்தோர் 1530இல் ஔக்ஸ்பூர்க் நகரில் பேரரசர் முன்னிலையில் ஒரு விசுவாச அறிக்கையை அளித்தனர். நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானமும் நற்கருணையும் முறையாக வழங்கப்படும் இடத்தில் கூடுகின்ற மக்களே திருச்சபை என்றும், அதன் ஒருமைப்பாட்டுக்கு இவ்வளவும் போதும் என்றும், மனிதர் ஏற்படுத்திய வழக்கங்கள் எங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் போதிக்கலாகாது என்பதையும் அதே அறிக்கை வலியுறுத்துகிறது.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. குளத்துத் தண்ணீர், அதைப் பங்கிட்டு விடும் வட்டவிதானையின் சொத்தன்று. அவர் இல்லாவிட்டாலும் தண்ணீர் தண்ணீர்தான். ஆயினும் எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்காவிட்டால் கடைசி வயல் காய்ந்துபோகும். லுத்தரன் இறையியலில் பேராயர் பதவியும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே: திருச்சபையை உண்டாக்குவது அந்தப் பதவியன்று, அதை ஒழுங்காக நடத்துவதற்கே அந்தப் பதவி.

ஆகவேதான் லுத்தரன் திருச்சபைகளின் நிருவாகம் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஜெர்மனியில் பேராயர்களின் நிருவாகப் பணியைச் சிற்றரசர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு 1918 வரை நீடித்தது. டென்மார்க்கில் பழைய ஆயர்கள் நீக்கப்பட்டு, 1537இல் ஏழு கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களை அபிஷேகம் செய்த பூகன்ஹாகன் ஆயர் அல்லர், ஒரு குருவானவர் மட்டுமே. சுவீடனிலோ பழைய ஆயர் மரபு அறுபடாமல் தொடர்ந்தது. இந்த மூன்று வழிகளும் பின்னாளில் தமிழ் மண்ணில் வந்து சேர்ந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள், அப்போது டென்மார்க்கின் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினர். இருவரும் ஜெர்மானியர். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சேறியது; புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. அந்த ஊரில் பேராயர் எவரும் இருக்கவில்லை. எனினும் 1733இல் ஆரோன் என்ற தமிழர் அங்கே போதகராக அபிஷேகம் பெற்றார். கைவைத்து அவரை அபிஷேகம் செய்தவர்கள் அங்கிருந்த மிஷனரிப் போதகர்களே. அதே மிஷன் மரபில், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராக வளர்ந்த கிறிஸ்தியான் தாவீது 1801இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஊழியம் செய்தார். அவர் ஆங்கிலிக்கன் முறைப்படி அபிஷேகம் பெற ஒரு பேராயர் கட்டாயம் தேவைப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரசங்கித்த அம்மனிதர் அதற்காக 1824இல் கல்கத்தாவுக்குப் போய்ப் பேராயர் ஹீபரிடம் அதைப் பெற வேண்டியிருந்தது. ஒரே ஊற்றிலிருந்து வந்த இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு திருச்சபை ஒழுங்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

டென்மார்க் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. அதற்குச் சற்று முன்பே வந்துவிட்ட ஜெர்மானிய லைப்சிக் மிஷன் அங்கிருந்த சபைகளைப் பொறுப்பேற்று, சென்னை, கோயம்புத்தூர், மதுரை எனப் பல இடங்களுக்கு வளர்த்தது. முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. சுவீடன் மிஷனரிகள் அவர்களுடைய இடத்தில் நின்றனர். 1919 ஜனவரி 14ஆம் நாள் இச்சபைகள் மிஷனின் கிளைகளாக இராமல் தனித் திருச்சபையாயின. சுவீடன் வழியில் 1921இல் ஏர்ன்ஸ்ட் ஹேமான் முதற் பேராயரானார். ஒரு தமிழர், ராஜா பூஷணம் மாணிக்கம், அப்பதவிக்கு வர 1956 ஆயிற்று. அது நீண்ட தாமதம் என்றே நான் கருதுகிறேன். ஆரோன் அபிஷேகம் பெற்று அதற்குள் 223 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பேராயர் தனித்து ஆள்வதில்லை. சபைகளின் போதகர்களும் பொதுமக்களின் பிரதிநிதிகளும் கூடும் சினாடு பெரிய தீர்மானங்களை எடுக்கிறது. சினாடு கூடாத காலத்தில் திருச்சபை மன்றம் காரியங்களைக் கவனிக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை வட்டவிதானை தன் விருப்பப்படி சொல்வதில்லை, கூட்டத்தில்தான் முடிவாகிறது, இங்கும் அவ்வாறே. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகள் 1947இல், பல சபைகள் ஒன்றுசேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து சபாபதி குலேந்திரனைப் பேராயராக ஏற்றபோது, அதுவரை பேராயரே இல்லாதிருந்த அவற்றுக்கும் இதேபோன்ற ஏற்பாடு கிடைத்தது. லுத்தரன் திருச்சபை அந்த ஐக்கியத்தில் சேரவில்லை.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பட்டம் திருச்சபை பிறந்த ஊரின் பெயரால் அமைந்தது. அலுவலகமோ, சபைகள் பரந்து கிடக்கும் தமிழ்நாட்டின் நடுவில், நாலு பக்கமும் இரயில் போகின்ற திருச்சியில் அமைந்தது. அங்கே பேராயர் வசிக்கும் வீட்டுக்குத் ‘தரங்கை இல்லம்’ என்ற பொருள்படத் தரங்கம்பாடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா அழைப்பிதழைத் திருப்பி முகவரியை மறுபடி வாசித்தார்.