புதுக் கத்தியும் ஆட்காட்டி விரலும்

திருவையாற்றுப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், இராஜகிரி, பண்டாரவாடை வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் வேலை செய்பவர்களுக்கும் மடக்குக் கத்தி எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டிய பொருள். உரச் சாக்கின் தையலைப் பிரிக்கவும், வாழைநாரை அறுக்கவும், மாங்காயைக் கூறு போடவும் அது நாள் முழுவதும் விரிந்து மூடிக்கொண்டே இருக்கும். கைக்குப் பழகிய கத்தி விரலைத் தீண்டுவது அபூர்வம். புதிதாக வாங்கியதோ முதல் சில நாட்களுக்குள்ளேயே ஆட்காட்டி விரலில் ஒரு கோடு போட்டுவிடும். கேட்டால் "கை தவறிடுச்சு" என்பார்கள். கை தவறியது உண்மைதான் என்றாலும், பிடிக்குள் மறைந்திருக்கும் எஃகுப் பட்டைக்கும் நம் முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலுக்கும் அந்தக் காயத்தில் கையைவிடப் பெரிய பங்கு உண்டு.

பழைய பாணி மடக்குக் கத்தியில் அலகைப் பூட்டி நிறுத்தும் அமைப்பு எதுவும் இல்லை. பிடியின் முதுகு நெடுக ஓடும் ஓர் எஃகுப் பட்டை, ஆணியைச் சுற்றிச் சுழலும் அலகின் அடிப்பாகத்தை இடைவிடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. கத்தி விரிந்து நிற்பது அந்த அழுத்தத்தால் மட்டுமே. அடிப்பாகம் தட்டையான முகங்களும் அவற்றுக்கிடையே மூலையும் கொண்டது. விரிந்த நிலையில் ஒரு தட்டை முகம் பட்டையின் கீழ் அமர்ந்திருக்கும். அலகை மடக்கத் தொடங்கியதும் மூலை பட்டையைத் தூக்குகிறது, பட்டை எதிர்க்கிறது, நாம் கூடுதலாக அழுத்துகிறோம். மூலை பட்டையைக் கடந்த கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை எதிர்த்த அதே பட்டை, தான் வளைந்தபோது சேமித்த ஆற்றலையெல்லாம் அலகை உள்ளே தள்ளுவதில் செலவிடுகிறது. மடக்குக் கத்தியின் 'டக்' என்ற ஓசை இதிலிருந்து வருவதுதான். மூடும் வேலையின் முதல் பாதியை நாம் செய்கிறோம், மறுபாதியைப் பட்டை தானே செய்துகொள்கிறது. பிடியின் பள்ளத்துக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்பது பட்டைக்குத் தெரியாது.

பட்டையின் பிடிமானம் உண்மையில் எவ்வளவு பலவீனமானது என்பதை நெம்புகோல் கணக்கு காட்டிவிடும். ஆணியிலிருந்து அலகின் நுனி 70 மில்லிமீட்டர் தொலைவிலும், பட்டை அழுத்தும் இடம் 5 மில்லிமீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனிக்குக் கிடைக்கும் அனுகூலம் 14 மடங்கு. பட்டை 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தினாலும், நுனியின் முதுகில் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை விழுந்தால் அலகு மடங்கத் தொடங்கிவிடும். இளநீரின் கண்ணில் நுனியைக் குத்தி நெம்புகிறவர் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார். அலகு மடங்கும் வழியில், பிடியை இறுகப் பற்றிய நான்கு விரல்களில் முதலாவதாக நிற்பது ஆட்காட்டி விரல். பிரான்சின் ஓப்பினெல் கத்திகளில் 1955-இல் சேர்க்கப்பட்ட, அலகைப் பூட்டி நிறுத்தும் சுழல் வளையம் இந்த ஓர் ஆபத்தைத் தடுப்பதற்காகவே வந்தது. நம் இரும்புக் கடைகளில் கயிற்றில் தொங்கும் கத்திகளுக்கு அப்படிப்பட்ட வளையம் இருப்பதில்லை. குத்துவதற்கும் நெம்புவதற்கும் அவை ஆனவையல்ல.

புதுக் கத்தியில் இந்தப் பட்டை இறுக்கமாக இருக்கும், ஆணியைச் சுற்றியுள்ள முகங்கள் இன்னும் தேய்ந்து வழவழப்பாகியிருக்காது, போதாக்குறைக்கு, துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் அலகின் பக்கங்களில் படிந்திருக்கும். நகத்தை நுழைத்து இழுப்பதற்கான சிறு பள்ளத்தில் கட்டைவிரல் நகம் வழுக்குகிறது. ஆகவே கை தேவைக்கு மேல் விசையைச் செலுத்துகிறது. எதிர்ப்பு திடீரென மறையும்போது அந்த விசை என்னவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை, அதாவது ஏறக்குறைய 20 நியூட்டன், ஒரு கிலோ நிறையுள்ள கையை நொடிக்கு நொடி 20 மீட்டர் வேகம் கூட்டித் தள்ளும். எதிர்ப்பு போய்விட்டதை உணர்ந்து மூளை தசையை நிறுத்த 0.15 நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் கை 22 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஏறக்குறைய ஒரு சாண். வேகம் கூடக்கூடத் தசையின் விசை குறையும் என்பதால் உண்மையான தூரம் இதைவிடக் குறைவுதான். ஆனால் அலகின் மொத்த நீளமே 7 சென்டிமீட்டர் என்னும்போது, கால்வாசித் தூரம் நகர்ந்தாலும் விரல் தப்பாது. மொக்கைக் கத்தி கூர்மையான கத்தியைவிட ஆபத்தானது என்று சமையலறையில் சொல்வதற்கும் இதே கணக்குதான் காரணம்: மொக்கைக் கத்திக்கு அதிக விசை வேண்டும், பொருள் விட்டுக்கொடுக்கும் கணத்தில் அத்தனை விசையும் கையோடு ஓடும்.

இனி விளிம்பைப் பார்க்கலாம். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லியது. தலைமயிரின் தடிமன் அதைப்போல ஐம்பது முதல் நூறு மடங்கு. அரைக் கிலோ எடைக்குச் சமமான விசை இப்படிப்பட்ட விளிம்பின் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இறங்கினால், அங்கே உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 5,000 மடங்கு. கேட்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தோல் உடனே பிளந்துவிடும் என்று முடிவு கட்டக் கூடாது. தோல் மெத்தென்றது. விளிம்பு அழுத்தும்போது அது குழிந்து, விளிம்பின் இருபுறமும் ஏறி ஒட்டிக்கொண்டு, விசையைப் பரவலாக்கிவிடுகிறது. கூரிய கத்தியை அசைக்காமல் விரல்மேல் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழுகிறதே தவிர வெட்டு விழுவதில்லை. அதே கத்தியை அதே அழுத்தத்தோடு சற்றே இழுத்துவிட்டால் வெட்டிவிடும்.

இழுப்பதில் என்ன இருக்கிறது என்பது நெடுங்காலம் கைப்பழக்கத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருந்தது. டெல்டாவில் குறுவையும் சம்பாவும் அறுத்த கருக்கரிவாள் நெற்றாளை ஓங்கி வெட்டுவதில்லை, அணைத்து இழுக்கிறது. அரிவாள்மணையில் கத்திரிக்காயை நேராக அமுக்காமல் வளைந்த அலகின் மேல் தள்ளிக்கொண்டே போகிறோம். எல். மகாதேவனும் அவரது ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அகர் என்னும் கடற்பாசிக் களியை மெல்லிய கம்பியால் வெட்டி இதன் இயற்பியலை விளக்கினார்கள். நேராக அழுத்தினால் மெத்தென்ற பொருள் ஆழமாகக் குழிந்த பிறகே பிளவு தொடங்கும். பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்தால் மேற்பரப்பே சறுக்கலில் இழுபட்டு, மிகச் சிறிய குழியிலேயே பிளவு தொடங்கிவிடுகிறது. கத்தி புதிதானால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சாணைக்கல்லில் தீட்டியபோது விளிம்பில் சுருண்டு நின்ற எஃகுப் பிசிறு கடையில் முழுமையாக நீக்கப்படாமல் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பற்கள், தோலுக்கு வலிமை தரும் கொலாஜன் இழைகளைப் பற்றி இழுத்து அறுக்கும்.

மூடுகின்ற அலகு விரலின்மேல் விழும்போது, அது பெரும்பாலும் நேரான அழுத்தம்தான். அதோடு நின்றிருந்தால் பல காயங்கள் வெறும் தடமாகவே போயிருக்கும். ஆனால் வலி உணரப்படுவதற்கு முன்னரே முதுகுத்தண்டு கையைப் பின்னுக்கு இழுக்கிறது. பள்ளத்துக்குள் சிக்கிய விரல் விளிம்பின் நெடுக இழுபடுகிறது. அழுத்தமாக இருந்தது அந்தக் கணமே அறுப்பாக மாறிவிடுகிறது. நெருப்பிலிருந்தும் முள்ளிலிருந்தும் நம்மைக் காக்கும் அனிச்சைச் செயல் கத்தியிடம் மட்டும் எதிரிக்குத் துணைபோகிறது என்பது எனக்கு இதில் மிகவும் வியப்பான செய்தி. பழகிய கைகள் கத்தியை மூடும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் இதற்கான விடை அங்கே இருக்கும். ஒரு கையின் விரல்கள் பிடியின் இரு பக்கங்களை மட்டுமே பற்றியிருக்கும், ஒன்றுகூடப் பள்ளத்தின் வாயில் வளைந்திருக்காது. மறு கையின் உள்ளங்கை அலகின் முதுகில் படிந்து, மூலை கடக்கும் வரையல்ல, கடைசி வரை கூடவே போய், பட்டையின் வேகத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு இறக்கிவிடும்.

வெட்டு விழுந்த முதல் கணத்தில் பலருக்கும் வலி தெரிவதில்லை. கூரிய விளிம்பு சுற்றியுள்ள திசுவை அதிகம் நசுக்காமல் கடந்துவிடுவதால் தூண்டப்படும் வலிநரம்பு முனைகள் குறைவு. நரம்புகளிலும் இரண்டு வகை உண்டு: மெல்லிய உறையுள்ளவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சுருக்கென்ற முதல் வலியைக் கொண்டுசெல்லும், உறையில்லாதவை நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில், எரிச்சலான இரண்டாம் வலியைச் சாவகாசமாகக் கொண்டுவரும். இரத்தமும் சற்றுத் தாமதித்தே வருகிறது. வெளித்தோலில் இரத்த நாளங்கள் கிடையாது. உள்தோலின் நாளங்களோ அறுபட்டதும் முதலில் சுருங்கிக்கொள்கின்றன.

பிறகு வரும் இரத்தம் எளிதில் நிற்காது என்பது கூர்மையான வெட்டின் குணம். நசுங்கிய காயத்தில் சிதைந்த திசுக்கள் உறைதலைத் தூண்டும் பொருளை ஏராளமாக வெளிவிடுகின்றன. சுத்தமான வெட்டில் அது குறைவு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள், அறுபட்ட நாளத்தின் வாயில் வெளித்தெரியும் கொலாஜனில் ஒட்டி முதல் அடைப்பைக் கட்டுகின்றன. அடுத்து, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம், த்ராம்பின் என்ற நொதியின் செயலால் ஃபைப்ரின் இழைகளாகிப் பின்னி, அந்த அடைப்பை உறுதியாக்குகிறது. இதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பவர் பாதி பின்னிய வலையைப் பிய்த்துக்கொண்டே இருக்கிறார். ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பத்து நிமிடம் பொறுமையாக இருப்பதே போதும். காப்பித்தூள் டிகாஷனுக்கு உரியது. காயத்தில் அப்பினால், பின்னர் தையல் போட வேண்டியவருக்கு அதைச் சுரண்டி எடுக்கும் வேலைதான் மிச்சம்.

வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழியும் வழக்கத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்க மனம் வராது. ஆயினும் அந்த இலை மண்ணைத் தொட்டு வளர்ந்தது என்பதை மறக்க முடியாது. இரணஜன்னியை (டெட்டனஸ்) உண்டாக்கும் கிருமியின் விதைத்துகள்கள் வயல் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வாழ்கின்றன. துருவுக்கும் அந்த நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. ஜப்பானிய ஆய்வாளர் ஷிபாசபுரோ கிடாசாட்டோ 1889-இல் இக்கிருமியைத் தனியாகப் பிரித்த முறையே அதன் இயல்பைச் சொல்லிவிடும்: கலவையைச் சூடாக்கி மற்றக் கிருமிகளைக் கொன்றார், விதைத்துகள்கள் பிழைத்தன, ஆக்சிஜன் இல்லாத ஹைட்ரஜன் சூழலில் வைத்தார், அவை முளைத்தன. குறுகி ஆழமாக இறங்கிய வெட்டின் அடியிலும் ஆக்சிஜன் குறைவு. எனவே புத்தம்புதிய, பளபளக்கும் கத்தியானாலும், நாற்றங்காலில் நின்ற கையில் வெட்டு விழுந்தால் தடுப்பூசிக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். அடிப்படை ஊசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டவருக்குச் சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசியிலிருந்து பத்து ஆண்டுகளும், மண்ணோ சாணமோ பட்ட காயமென்றால் ஐந்து ஆண்டுகளும் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும்.

சிறு காயத்தைக் காற்றாட விட வேண்டியதில்லை. ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றிகளில் செய்த சோதனையில், ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தின் மேல் புதுத்தோல் வேகமாகப் படர்வது தெரியவந்தது; காய்ந்த பொருக்கு தோல் செல்களை அடிவழியாகச் சுற்றிப் போகவைக்கிறது.

விரலில் விழுந்த வெட்டை அதன் நீளத்தை வைத்து எடை போட முடியாது. விரலின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒரு நரம்பும் ஒரு தமனியும் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. உட்புறத்தில் விரலை மடக்கும் தசைநாண்கள் இருக்கின்றன. இரத்தம் நின்ற பிறகு விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும், வெட்டுக்கு அப்பால் நுனியின் இரு பக்கங்களிலும் தொடு உணர்வு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடைசிக் கணு மடங்காவிட்டாலோ, ஒரு பக்கம் மரத்திருந்தாலோ, கால் மணி நேரம் அழுத்தியும் இரத்தம் கசிந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போவது அவசியம். அறுந்த தசைநாணின் முனை உள்ளங்கையை நோக்கிப் பின்வாங்கிவிடும், நாள் கடந்தால் அதைத் தேடிப் பிடித்து இணைப்பது அறுவை மருத்துவருக்கே கடினமாகிவிடும்.