பவர் எல்இடியில் எது பாசிட்டிவ், எத்தனை வோல்ட்?

சின்ன எல்இடியில் நீளமான கால் பாசிட்டிவ், அது பலருக்கும் தெரியும். பவர் எல்இடியில், அதாவது 1 வாட்டும் அதற்கு மேலும் வரும் அதிக வெளிச்ச வகையில், இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் ஒரு பொட்டோ ஓட்டையோ இருந்தாலும் நம்ப முடியாது, ஒரு தயாரிப்பில் அது பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ். நட்சத்திர வடிவ அலுமினியத் தட்டோடு வந்தால் பெரும்பாலும் +, − அச்சடித்திருக்கும், பிழைத்தோம்.

மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்துத் தொட்டால் சிவப்பு மங்கலாக எரியும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் சில மீட்டர்களின் வோல்டேஜ் போதாது. இதில் ஒரு வில்லங்கம் வேறு: நிலைமின்சாரம் தாக்காமலிருக்கப் பல பவர் எல்இடிகளுக்குள் ஒரு ஜீனர் டயோடைத் தலைகீழாக இணைத்திருப்பார்கள். முனைகளை மாற்றி வைத்தால் மீட்டர் சுமார் 0.7 காட்டும், நாமும் இதுதான் சரியான திசை என்று சந்தோஷப்படுவோம். வெளிச்சமே இல்லாமல் 0.7 வந்தால் அது அந்த ஜீனர்தான்.

எனக்குப் பிடித்த வழி, மூன்று 1.5 வோல்ட் செல், தொடரில் ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். சரியாகப் பிடித்தால் சுமார் 10 மில்லிஆம்பியர் ஓடி எல்இடி எரியும். மாற்றிப் பிடித்தாலும் 4.5 வோல்ட்தான், தலைகீழ் வோல்டேஜுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 5 வோல்ட். அதனால்தான் 9 வோல்ட் பேட்டரியை எடுப்பதில்லை.

சரி, எத்தனை வோல்ட்? நிறத்தைப் பாருங்கள். சிவப்புக்கு 2 வோல்ட்டை ஒட்டி, நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு மேல், ஏனென்றால் நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம், அதைக் கொடுக்க எலக்ட்ரானுக்கு அவ்வளவு வோல்டேஜ் வேண்டும். வெள்ளை என்பதும் பாஸ்பர் (நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பொருள்) பூசிய நீல சிப்தான், அதே கணக்கு. மஞ்சள் பூச்சுக்கடியில் பல சிப்கள் இருக்கும் பெரிய வகைக்கு மூன்று செல் பத்தாது. வோல்டேஜையும் கரன்ட் வரம்பையும் மாற்றக்கூடிய பவர் சப்ளையை எடுத்து, கரன்ட் வரம்பை 20 மில்லிஆம்பியரில் வைத்துவிட்டு வோல்டேஜைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். இவ்வளவு குறைந்த கரன்ட்டில் ஒரு சிப்புக்கு 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே போதும். 8 வோல்ட் வாக்கில் மினுங்கினால் தொடரில் 3 சிப், 27 வாக்கில் என்றால் 10.

ஆனால் எல்இடியைக் கொல்வது பெரும்பாலும் கரன்ட்தான். 1 வாட் வகைக்கு வழக்கமாக 350 மில்லிஆம்பியர். வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினாலே கரன்ட் எகிறும், சிப் சூடாகும், சூடானால் அதே கரன்ட்டுக்குத் தேவைப்படும் வோல்டேஜ் டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் குறையும், சப்ளையோ அதே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டிருக்கும், கரன்ட் இன்னும் ஏறும். இந்தச் சுழலை உடைக்கத்தான் கரன்ட்டை நிலையாக வைக்கும் டிரைவர். அப்புறம் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் முழுக் கரன்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள், சில நொடிகள்கூட.